சலங்கை கேட்காத பாட்டுப் பெட்டி

திருவொற்றியூர்,
12-10-2024, சனிக்கிழமை.

அன்புத் தோஸ்து பரசுராமனுக்கு ரகுபதி எழுதிக்கொள்வது. இங்கே நீலாவும் பையன் தீபனும் நலம். உன் கால் எப்படி இருக்கிறது, கம்பி வைத்த இடத்தில் வீக்கம் வடிந்ததா, ஊன்றிப் பார்க்கச் சொன்னார்களா என்று கேட்டு எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளக்கூட அலுப்பாக இருக்கிறது. ஆனால் அலுப்புதான் காரணம் என்றால் நீ நம்ப மாட்டாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுவது என்றுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

ஜூலையில் யார்டில் நான் பின்னால் எடுத்தபோது என் வண்டிக்கும் கண்டெய்னர் பெட்டிக்கும் நடுவில் உன் கால் மாட்டியது. பின்னால் நின்று வழி காட்டுகிற நீ விசில் ஊதவே இல்லை என்று நான் சொன்னதை வைத்து, யார்டுக்குள் வேலைக்கு விடுகிற உன் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தப்பு மொத்தமும் உன் தலையில் விழுந்தது. அப்படியிருந்தும், கடலூரில் மாமியார் வீட்டில் படுத்துக்கொண்டு, உன் பெண்டாட்டி ஜோதிகாவை விட்டு என்னிடம் ஒரு பாட்டுப் பெட்டி கேட்டு அனுப்பினாய். வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு?

அந்தப் பெட்டி இந்தப் பார்சலில் இருக்கிறது. முதலில் அதைப் பற்றி எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

வீட்டில் இருப்பது ஒரே போன், அதையும் மீன் விற்கப் போகும்போது தான் எடுத்துக்கொண்டு போய்விடுவதால் பொழுதுக்கும் நீ ஆஸ்பெஸ்டாஸ் கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்று ஜோதிகா சொன்னாள். ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும், படம் கிடம் வேண்டாம், படுத்தபடியே அமுக்குகிற மாதிரி பட்டன் வேண்டும் என்று நீ சொன்னதையும் சொன்னாள். காலடிப்பேட்டையில் இரண்டு கடையில் கேட்டேன். சிரிக்கிறார்கள். இந்தக் காலத்தில் எவன் நைனா இத்த வாங்குறான், போன்லயே கேட்டுகினு போவியா என்று ஒருவன் எனக்குப் புத்தி சொன்னான். இன்னொருவன்தான் யானைக்கவுனிக்குப் போ என்றான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் போனேன். அங்கே ஆறுமுகநயினார் என்று ஒரு அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மொத்த வியாபாரம். ஒன்று இரண்டு தரமாட்டேன் என்று முதலில் முறுக்கினார். கால் உடைந்து கிடக்கிற ஆளுக்கு என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கண்ணாடி மேல் ஆறு பெட்டியைப் பரப்பினார். இத்தனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி குட்டியாக ஒன்று, அதில் என்ன பாட்டு ஓடுகிறது என்று பார்க்கத் திரையே கிடையாது. பாட்டு தாறுமாறாக வரும், அணைத்துப் போட்டால் மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொன்று பளபளவென்று தொடுதிரை. படுத்துக்கொண்டு தொட்டால் நீ ஒன்று நினைக்க அது ஒன்று பாடும். பெரிய ரேடியோ மாதிரி ஒன்று, பாட்டெல்லாம் உள்ளேயே வைத்து வருகிறது, சத்தமும் நன்றாக இருந்தது, விலையைக் கேட்டுக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசியில் எடுத்தது இந்தக் கறுப்புப் பெட்டி. ஐந்து பட்டன். நடுவில் இருப்பது ஓடவும் நிற்கவும். விரலால் தடவினாலே எது எது என்று தெரியும், பார்க்க வேண்டியதில்லை. அணைத்த இடத்திலிருந்தே மறுபடி பாடும். அட்டையில் நாற்பது மணி நேரம் ஓடும் என்று போட்டிருக்கிறான், அதை நம்பாதே, இருபதுதான் வரும் என்று அண்ணாச்சியே சொன்னார். ஜோதிகா போனுக்குப் போடுகிற சார்ஜரே இதற்கும் சேரும். ப்ளூடூத் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் சார்ஜ் ஓடிப்போகும், தொடாதே. எப்.எம். கேட்க வேண்டுமென்றால் காதில் மாட்டுகிற ஒயரைச் செருகினால்தான் எடுக்கும். ஒயர் இல்லாமலும் பாட்டு கேட்கலாம், பின்பக்கம் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. தீபன் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறான். சோகப் பாட்டு அதிகம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

இனி மற்றது.

வாங்குவதற்கு முன்னால் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். நம் டீக்கடையில் காலை ஷிப்டுக்குப் போகும்போது போடுவார்களே, அந்த அம்மன் பாட்டு, அதைப் போட்டார். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். உடுக்கை வந்தது, பாடுகிறவர் குரல் வந்தது. நடுவில் எல்லாம் நின்றுபோய்ச் சலங்கை மட்டும் தனியாக ஒலிக்குமே, நீகூட மேசையில் தாளம் தட்டுவாயே, அந்த இடம் வெறுமனே இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் உடுக்கை. பெட்டி சரியில்லை, வேறு கொடுங்கள் என்றேன். அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. கலீஜான சரக்கு எல்லாம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்து குரலை உயர்த்திவிட்டேன். அவர் என் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். என்ன தம்பி சொல்லுதிய, சலங்கை நல்லாத்தான கேக்கு என்றார். இன்னொன்று என் காதில்தான் இருந்தது. அவர் விரலால் சலங்கைக்குத் தாளம் போடுகிறார், எனக்கு ஒன்றுமே இல்லை. அதிலும் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தேன் போல, சட்டென்று காதிலிருந்து எடுத்துவிட்டார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்றார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உன் நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் ஊதுனேன் மாமு, நெஜமா ஊதுனேன் என்றாய். ஒரே தடவைதான் சொன்னாய். வலியில் உளறுகிறாய் என்று நினைத்தேன். விசாரணையில் என்னைக் கேட்டபோது, இவ்வளவு வருஷமா வண்டி ஓட்டுறேன் சார், அவன் ஊதினா எனக்குக் கேக்காம இருக்குமா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை பரசு. கேட்கவில்லை என்றால் ஊதவில்லை என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தை உன் விசிலை நம்பித்தானே இத்தனை நாள் எடுத்தேன்.

வீட்டில் நடந்ததெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சித்திரை மாதம் நீலா மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், பருப்பு அடிப்பிடித்துப் புகை வந்துவிட்டது. குக்கரில்தான் கோளாறு என்று நான் போய்ப் புது வெயிட்டும் ரப்பரும் வாங்கி வந்து மாட்டினேன். அவள் டிவி சத்தத்துக்குச் சண்டை போடுவாள், நான் அவள் முணுமுணுக்கிறாள் என்று சண்டை போடுவேன். காதில்தான் கோளாறு என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் சாமான் கடையில் நம் யார்டு விசில் மாதிரியே ஒன்று வாங்கினேன். சாயங்காலம் நீலாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பாறை போட்டிருக்கிற இடத்தில் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன். ஐம்பது அடி தள்ளிப் பின்னால் நின்று, எனக்குச் சொல்லாமல் ஊது என்றேன். அலை அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நான் காத்துக்கொண்டே நிற்கிறேன். இவள் ஏன் இன்னும் ஊதவில்லை என்று திரும்பினால், கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கிறாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்க்கிறார்கள். ஏழு வாட்டி ஊதிட்டேன்யா, ஒண்ணு கூடவா கேக்கல உனுக்கு என்று கேட்டுவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், அடைத்த ரூமில் உட்காரவைத்துக் காதைச் சோதித்தார்கள். மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது, இஞ்சின் இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, குறைந்தது மூன்று வருஷம் ஆகியிருக்கும், இனி வராது என்று அந்த டாக்டரம்மா சொன்னார்கள். பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் நான் இவ்வளவு நாள் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறேனாம்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல நாக்கு கூசுகிறது. ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் வண்டி ஓட்டினேன். பாட்டுப் பெட்டி அலமாரியில் தீபன் சட்டைக்கு அடியில் கிடந்தது. ஜோதிகா இரண்டு தடவை போன் செய்து, அண்ணே, பாட்டுப் பொட்டி இன்னா ஆச்சுன்னு அவுரு கேட்டுகினே கீறாரு என்றாள். சரக்கு வரவில்லை என்று புளுகினேன். அனுப்பினால் கூடவே இந்தக் கடிதத்தையும் எழுத வேண்டும், அதனால் அனுப்பவில்லை. நாற்பத்தொன்பது வயதில் வண்டியை விட்டு இறங்கினால் நான் யார்? யார்டுக்குள் எனக்கு வேறு என்ன தெரியும்? தீபனுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது. இப்படியே மனதுக்குள் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். நீ படுத்துக்கிடக்கிறாய் என்பது அந்த நியாயத்தில் எங்கும் வரவில்லை.

உன் இடத்தில் இப்போது ராசையா நிற்கிறார். வயசானவர், மூட்டு வலிக்காரர். விசில் வேண்டாம், கையைக் காட்டினால் போதும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். போன புதன்கிழமை மத்தியானம் வெயில் கண்ணாடியில் அடித்தது, கை தெரியவில்லை. பின்னால் எடுத்தேன். வண்டியே அதிருகிற மாதிரி யாரோ தகரத்தை அறைந்ததும்தான் பிரேக் போட்டேன். அடுக்கி வைத்திருந்த கண்டெய்னர் பெட்டியோடு ராசையா ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு முழம் இருக்கும் நடுவில். விசில் இன்னும் வாயில் இருந்தது. காதுல இன்னா வச்சிக்கீற நைனா, உயிரே போயிருக்குமே என்றார். அவர் திட்டியதற்குக்கூட நான் அவர் வாயைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. உன் கால் உடைந்தபோது என் காது போனது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

சாவியை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். பரசுராமன் விசில் ஊதினான், எனக்குத்தான் காது கேட்காது, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சீட்டின் நகலையும் வைத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இதனால் உனக்கு என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றைக்கே என்னை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேட்டில் உட்கார்ந்து பெட்டி நம்பர் எழுதுகிற வேலை தருவார்களோ என்னவோ, இன்னும் சொல்லவில்லை. நீலாவிடம் சொன்னபோது அவள் தட்டை எடுத்து வைத்துச் சாப்பாடு போட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் கேஸை மறுபடி எடுத்து விசாரிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் பாஸ் திரும்ப வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அடுத்த மாதம் உன்னைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸில் என்னிடம் சொன்னதையே அவர்களிடமும் சொல். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தைகூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உன் குணம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். இரண்டரை மாதம் உன்னை ஊர் முன்னால் பொய்யனாக்கி வைத்தவன் அதைக் கடிதத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானே கடலூருக்கு வருகிறேன். வராதே என்று ஜோதிகாவை விட்டு போன் பண்ணச் சொல்லாதே, போனில் அவள் சொல்வது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. உன் கால் சீக்கிரம் ஊன்ற வேண்டும், பழைய மாதிரி நீ நடந்து இந்தப் பக்கம் வர வேண்டும் என்று வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டு வருகிறேன். என்னை உன் கட்டிலுக்கு எதிரே, வெளிச்சத்தில் உட்காரவை. மனதில் இருப்பதையெல்லாம் என் முகத்துக்கு நேராக, உரக்கத் திட்டு. அதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
உன் மாமு
ரகுபதி