பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஸ்ரீஹரிக்குப் போன் செய்தேன். தி.நகர் கடையின் மூன்றாம் மாடியில், துணி இருப்புக் கணக்கும் கேமராப் பதிவும் சேர்ந்துகிடக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள் மூன்று. மூன்றும் மூன்று கம்பெனி, மூன்று விதமான சாஃப்ட்வேர். பழைய பெட்டியின் குணம் ஹரிக்கு மட்டும்தான் தெரியும். அவனோ ஜனவரியில் வேலையை விட்டுவிட்டுப் பாலவாக்கம் பக்கம் போய்விட்டான். வாரம் ஒரு சந்தேகமாவது வருகிறது எனக்கு. வராவிட்டால் வரவழைக்கிறேன்.

மார்ச் 7

அந்தப் பழைய பெட்டி டிஸ்க்குகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். மற்ற இரண்டும் ஒன்றிலிருந்து. சேர்ந்த புதிதில், ஐந்தாம் எண் டிஸ்க் கெட்டது என்று திரையில் வந்ததும் ஐந்தாவதைப் பிடுங்கினேன். கெட்டது ஆறாவது! ஹரி இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தான். முதலாளியிடம் "நான்தான் சார் எடுத்தேன்" என்றான். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம்.

மார்ச் 12

புது டூல் வந்துவிட்டது. "இனிமே மூணு பொட்டியும் ஒரே ஸ்கிரீன்ல தெரியும் டயானா, யாரையும் கேக்க வேணாம்" என்றார் மேனேஜர் சரோஜாதேவி மேடம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

மார்ச் 20

எல்லாவற்றையும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறது. கெட்ட டிஸ்க்கைச் சிவப்பில் காட்டுகிறது. பாழாய்ப்போன டூல், ஒரு சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை.

மார்ச் 27

அவன் குரலைக் கேட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆச்சு. அவனாகப் பண்ணக் கூடாதா? ஏன் பண்ணணும்? அவனுக்கு என்ன சந்தேகம் வரப்போவுது?

நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் மீனைக் கூறு கட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "இன்னாடி, போனையே பாத்துக்கினு கீற?" அழுகை வந்தது. வெயில் என்றேன்.

ஏப்ரல் 2

தாங்க முடியவில்லை. போன் செய்தேன். "ஹரி, பழைய பொட்டில நம்பர் ஜீரோலேந்தா, ஒண்ணுலேந்தா?"

அவன் சொன்னான்: "புது டூல் வந்து மூணு வாரம் ஆச்சாமே டயானா. மேடம் சொன்னாங்க."

கட் பண்ணிட்டேன். ஐயோ, மானமே போச்சு.

ஏப்ரல் 3

லீவு போட்டேன். காய்ச்சல் என்று பொய்.

ஏப்ரல் 5, சனி

மத்தியானம் ஹரியே கூப்பிட்டான். "எங்க ஆபீஸ்லயும் அந்தப் பழைய பொட்டி ஒண்ணு இருக்கு. ஜீரோவா, ஒண்ணா? மறந்துட்டேன்."

அவனா மறப்பான்?

"ஜீரோ" என்றேன்.

"போன்ல சரியாப் புரியல. நாளைக்குக் காலைல பாலவாக்கம் பீச்சுக்கு வந்து சொல்றியா?"

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை இன்று சாயங்காலமே கண்டுவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. மல்லி மட்டும் இரண்டு முழம் வாங்கி வைத்திருக்கிறாள்.