ஏற்றத்தில் கேட்ட சத்தம்

ஓசூர்,
2.5.1988

அன்புள்ள அத்தாவுக்கு வஜிஹாவின் ஸலாம். நோன்போடு இந்த வெயிலில் குமுளி மலைக்கு வண்டி ஓட்டுகிறீர்களே, உடம்பு தாங்குகிறதா? நான் நலம்.

போன வாரம் கம்பெனி வேலையாகக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். நம்முடையதைப் போலவே பழைய அம்பாசிடர். திரும்பும்போது சூளகிரி ஏற்றத்தில் எஞ்சின் கிணுகிணுவென்று தட்டியது. என்னை அறியாமல் விரலை உயர்த்திவிட்டேன்.

"ஏம்மா, வாந்தி வருதா? ஓரங்கட்டவா?" என்றார் டிரைவர் தீர்த்தகிரி.

"இல்லண்ணே, டைமிங் அட்வான்ஸா இருக்கு, அதான் எஞ்சின் தட்டுது."

சிரித்துக்கொண்டே இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி வைத்தார். அப்புறம் சத்தமில்லாமல் ஏறியது.

அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுவதில்லை என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து விரல் காட்ட இப்போது நான் இல்லை. தட்டத் தட்ட ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். கூச்சப்படாமல் பட்டறையில் டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில், விடியுமுன் ஸஹருக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன். "சரிம்மா" என்றீர்கள். பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். அதற்கும் சந்தோஷமாக, "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள்.

அதனால்தான் எழுதுகிறேன், அத்தா. பெருநாளுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்
வஜிஹா