டேனியின் மூன்று பெடல்கள்

டிச. 4, வியாழன்

காலையிலிருந்தே சாரல். ஜமுனாமரத்தூர் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். சுகாதார நிலையத்தில் காய்ச்சல் பதினொன்று, பிரசவம் ஒன்று (பெண்).

பாக்கி: கேக் சொல்ல. பாஸ்டருக்கு போன். டேனியின் பெடல் பெட்டி.

ஞாயிறு என் வீட்டுக்காரர் டேனியின் முதல் வருட நினைவு ஆராதனை. அவரோடு சர்ச்சில் வாசித்த போளூர் ஜான்சன் வந்து அவர் கிதாரை வாசிக்கிறான். அவர் சத்தம் அப்படியே வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ஒரே ஒரு தடவை. ரெக்கார்டு ஒன்றும் கிடையாது. போனை நீட்டினால், "மொதல்ல சரியா வரட்டும்" என்று தடுத்துவிடுவார் மனுஷன்.

பெட்டியெல்லாம் பூஞ்சணம். காலால் மிதிக்கிற பெடல் மூன்று. கரகரப்புக்கு ஃபஸ், அழுகிற மாதிரி ஒலிக்க 'வா-வா', எதிரொலிக்கு டிலே. ஊர் உலகமே கொண்டாடும் ஒரு வெள்ளைக்காரக் கிதார்காரர் வைத்திருக்கும் அதே மூன்றுதானாம். அந்தச் சத்தத்துக்காகப் பத்து வருஷம் குமிழ்களைத் திருகினார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பளிச்.

டிச. 6, சனி

மூடுபனி. மதியம் ஜான்சன். பெட்டியைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது.

"அண்ணி, இதுமேல ஒட்டியிருந்த பிளாஸ்திரி எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. பிச்சுப் போட்டுட்டேன்."

"இன்னா அண்ணி... எந்தக் குமிழ எது வரைக்கும் திருப்பணும்னு அண்ணன் அதுலதான கோடு போட்டு வச்சிருந்தாரு."

அவர் என் மருந்துப் பையிலிருந்து எடுத்த பிளாஸ்திரிதான். நர்ஸ் புத்தி, பழைய பிளாஸ்திரியைக் கண்டால் கை சும்மா இருக்காது. துடைத்ததில் குமிழ்களும் சுற்றிவிட்டன. குப்பையை நேற்றே எரித்தாயிற்று.

ஜான்சன் யூடியூப் பார்த்துத் திருப்பி வைத்து வாசித்தான்.

"தோ, இதான் கரெக்ட். அந்த ஆளு சத்தமே தான் அண்ணி. அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் வரல."

வரவில்லைதான். டேனியுடையது கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும், முடிவில் ஒரு இழுவை. பத்து வருஷம் சமையலறையிலிருந்து கேட்டது. கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். எதை, எவ்வளவு என்றான். சொல்லத் தெரியவில்லை. ஆறு மணி வரை திருப்பிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அவர் சத்தத்தில் மிச்சமிருந்ததையும் என் கையாலேயே துடைத்துவிட்டேன்.

டிச. 7, ஞாயிறு

வெயில். சர்ச்சில் நல்ல கூட்டம். கேக் பற்றவில்லை. ஜான்சன் வாசித்தான், ஒரு பிசிறு இல்லை. பக்கத்தில் அத்தை, டேனியின் அம்மா, அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார்.

"அப்டியே எம்புள்ள வாசிச்ச மாதிரியே இருக்குது. இல்லம்மா?"

ஆமாம் அத்தை என்றேன்.