சாய்ந்துகொண்டிருந்த கல் பெண்

1976 செப்டம்பர் 6, திங்கள்

எல்லர்கோம் மாளிகையில் படம் எடுக்கும் வேலை தொடங்கியாகிவிட்டது. கோடை முழுக்க மழையில்லாமல் நிறுத்தி வைத்திருந்த நீரூற்றுகளை இன்று திறந்தார்கள். அவற்றுக்குத் தண்ணீர் தரும், குன்றின் மேலுள்ள ஏரி மறுபடி நிரம்பி வருகிறது. தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் கிளெக் என்பவரின் வேலை. குழாய் நெடுநேரம் இருமிவிட்டுப் பழுப்பாகத் துப்பியது. "ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்மா," என்றார். தெளியும்வரை சிலைகளைப் படம் எடுக்கிறேன். ஏரிக்கரையின் அடிவாரத்தில் குடம் ஏந்திய கல் பெண் ஒருத்தி. மூக்கு பாதி கரைந்துவிட்ட முகம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை தோட்டத் திருவிழா. அதற்குள் படங்கள் தயாராக வேண்டுமாம், மாளிகைக்காரர் சர் ஜெர்வாஸுக்கு.

செப்டம்பர் 8

மழை. வெளிச்சமே இல்லை. தண்ணீர் இன்னும் பழுப்பு.

செப்டம்பர் 9, வியாழன்

காலையில் மழை விட்டதும் கல் பெண்ணை மறுபடி எடுத்தேன். மாலையில் கழுவிப் பார்த்தால் — திங்களன்று எடுத்த படத்தில் அவள் முழங்கை தூரத்துப் புகைபோக்கியை மறைத்திருக்கிறது. இன்றைய படத்தில் இரண்டுக்கும் நடுவே வானம் தெரிகிறது. கேமரா நின்றது அதே கல் பலகையில்தான். கை தவறிவிட்டதா? இருக்கலாம். இருக்கட்டும்.

செப்டம்பர் 10, வெள்ளி

கை தவறவில்லை. இன்று இடைவெளி இன்னும் அகலம்; சாய்வது அவள்தான். அவள் பீடத்தைச் சுற்றிப் புல் சொதசொதவென்று கிடக்கிறது. சேறு கலந்த நீர் ஊறுகிறது. மேலே ஏரி.

படங்களை எடுத்துக்கொண்டு சர் ஜெர்வாஸிடம் போனேன். மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "மிஸ் ஹால்டன், உங்களைக் கூப்பிட்டது போட்டோ எடுக்க. என் ஏரியைப் பரிசோதிக்க இல்ல."

கிளெக்கிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கோடையிலயே கரை வெடிச்சுப் போச்சு. கை நுழையற அளவுக்கு. சொன்னேன். மண்ணைப் போட்டு மூடுன்னாரு சர் ஜெர்வாஸ்."

"மறுபடி சொல்லக்கூடாதா?"

"நாங்க இருக்கற வீடு அவரோடதும்மா. வாயைத் திறந்தா என் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

நாளைக்குத் திருவிழாத் தேநீர்க் கூடாரம் கரைக்கு அடியிலுள்ள கீழ்ப் புல்வெளியில். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் ஓடும். ஊர்ப் போலீஸ்காரரிடமும் போய்ப் படங்களைக் காட்டினேன். சிரித்தார்: "சிலை நடந்து போகுதுன்னு எழுதிக்கவா?"

எனக்குத் தூக்கம் வராது.

செப்டம்பர் 11, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

விடிந்ததும் கூடாரப் பொறுப்பாளர் திருமதி திரெல்கெல்டிடம் போனேன். படங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சிலையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நேத்துக் கூடார முளை அடிச்சப்ப சுத்தியலே வேண்டியிருக்கல. கையால அழுத்தினதும் இறங்கிடுச்சு." அவ்வளவுதான். கூடாரத்தைப் பிரித்து, கேக்கோடு பிள்ளைகளோடு பள்ளிக்கூட முற்றத்துக்குப் போய்விட்டாள். சர் ஜெர்வாஸ் மாடி முகப்பிலிருந்து கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு கிளெக்கைத் தேடிப் போனேன். அவர் ஊற்றுத் தண்ணீரைத் திறந்துவிடும் திறப்பு அறை கரைக்கு நேர் கீழே இருக்கிறது. "இன்னைக்குத் திறக்க வேண்டாம். வாங்க போயிடலாம்."

"திறந்தா ஏரி கொஞ்சமாச்சும் இறங்கும். நல்லதுதானேம்மா. எல்லாத்தையும் திறந்துட்டு வந்துடறேன். நீ போ."

போனேன். போய்விட்டேன்.

எல்லா ஊற்றுகளும் ஒன்றாக எழுந்தன, மரங்களுக்கு மேலே. பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் — மரம் முறிவது போல, ஆனால் நிற்காமல். கல் பெண் முதலில் குனிந்தாள். பின்னால் கரையே வந்தது.

கீழ்ப் புல்வெளி இல்லை. திறப்பு அறை இல்லை.

செப்டம்பர் 12

கிளெக்கின் உடல் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 15

விசாரணை முடிந்தது. தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் சர் ஜெர்வாஸ். நான் எழுந்து, சொன்னேன் என்றேன். படங்களை மேசையில் பரப்பினேன். இந்த முறை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அக்டோபர் 30

திருமதி கிளெக்கை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. நேற்று ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். இன்று காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "அந்த வாரம் எடுத்த படத்துல எதுலயாச்சும் அவர் இருக்காராம்மா?"

நெகட்டிவ் எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், இரண்டு பேரும். ஊற்றுகள், சிலைகள். ஒவ்வொரு முறையும் அவரைப் படத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது நான்தான்.