எழுந்தால் சிக்னல் போய்விடும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. நேற்றுகூட உங்கள் முகத்தைப் பார்த்தேன், முடி வெட்டியிருந்தீர்கள். ஆனாலும் இதைத் தாளில்தான் எழுத முடிகிறது. போனில் செய்தி அனுப்பினால் அடுத்த நிமிடமே வீடியோவில் அழைப்பீர்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சிரிப்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

நான் வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியின் டவர் மாவு மில் மாடியில் ஏறி ஒரு வருடம் ஆகப்போகிறது. மெயின் ரோட்டைத் தாண்டி யாரும் கேபிள் இழுக்க வராத ஊர் இது. தலைவலி வரும், குருவி செத்துப்போகும் என்று பயந்தவர்களிடமெல்லாம் நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். "மாப்பிள்ளை தேடினாக்கூட இவ்வளவு அலைய மாட்டே போலிருக்கே" என்று மில்காரர் கிண்டல் செய்தார். இப்போது எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வெளியூர் ஆர்டரெல்லாம் எடுக்கிறார். ஊருக்காகத்தான் அலைந்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையில் உங்களுக்காகவும்தான். பேச்சு பாதியில் அறுந்ததும் அப்பா போனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதை எத்தனை நாள்தான் பார்ப்பது?

இப்போது அறுவதில்லை. ஆனால் வருடா வருடம் வந்துகொண்டிருந்த நீங்கள் இந்த முறை வரவில்லை. தினமும்தான் பார்க்கிறோமே, லீவைச் சேர்த்து வைக்கிறேன் என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா சரி என்றுவிட்டார்.

நீங்கள் அனுப்பிய ஷூ வந்தது. இடது காலில் மட்டும் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. வலது காலுக்கு இனி ஷூ வேண்டாம், அண்ணா. சர்க்கரையால் புண் ஆறவே இல்லை. மழைக்காலத்தில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். டவரில் ரிப்பேர் என்று உங்களிடம் சொன்னேனே, அந்த வாரம்தான். "இத்தனை வருஷம் பஸ்ஸுல பிரேக் மிதிச்ச காலு, அதுவும் ரிட்டயர் ஆகட்டும்" என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நீங்கள் அழைக்கும் நேரம் நெருங்கினால் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விடுவார். "மேல மாப்பிள்ளை, கீழ நோயாளி. போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா" என்பார். எவ்வளவு தூக்கினால் ஊன்றுகோல் தெரியாது என்பது எனக்கு அத்துப்படி. ஒருநாள் மாடிச் செடிகளைக் காட்டச் சொன்னீர்கள்.

"எழுந்தா சிக்னல் போயிடும்டா" என்றார்.

அவ்வளவு மோசமா என்று என்னைக் கேட்டீர்கள். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு மூலையிலும் நின்று சிக்னல் அளந்தவள் நான். நம் வீட்டில் குளியலறையில்கூட முழுதாக வரும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் அண்ணா என்றேன்.

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் பார்க்கிற படத்தில் தான் முழுதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். முன்பெல்லாம் பேச்சு அறுந்துபோனால் என்னவோ ஏதோ என்று பதறி டிக்கெட் போடுவீர்கள். அந்தப் பதற்றத்தைத்தான் நான் இல்லாமல் செய்துவிட்டேனோ என்று மில் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றுகிறது.

இடது காலையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இது கிடைத்ததும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவார். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் ஒருமுறை புறப்பட்டு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். வந்து கதவைத் தட்டுங்கள். அவர்தான் திறப்பார்; நேரமாகும். கூப்பிடாமல், கதவைத் தள்ளாமல், அவர் வந்து சேரும்வரை வாசலிலேயே நில்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை