ஸ்டிக்கர் ஒட்ட ஓர் இன்ஜின்

ஐப்பசி 12, செவ்வாய்

சென்னையிலிருந்து ஒரு பெண் குப்பத்துக்கு வந்து, படகு இன்ஜின்களின் பராமரிப்பைக் கவனிக்க இரண்டு மென்பொருள்களைக் காட்டினார். போன மாதம் முகத்துவாரத்தில் கார்புரேட்டர் அடைத்து இன்ஜின் நின்று, என் படகு ஒன்று கவிழ்ந்தது. ஆட்கள் பிழைத்ததே பெரிது. மீதிப் படகுகளையாவது ஒழுங்காகப் பார்க்கலாம் என்றுதான் அவரை வரச் சொன்னேன்.

இரண்டிலும் முதல் வேலை, ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதன் வயதைப் பதிவது. மெக்கானிக் மரியதாஸைக் கேட்டேன்.

“இன்னாண்ணா, தெரியாத மாதிரி கேக்குற? ஒண்ணு நின்னா இன்னொண்ண பிரிச்சுதானே ஓட்டுறோம். இதுல பாதி எதுலேர்ந்து வந்துச்சுனு எனக்கே நெனப்பில்ல.”

முழு இன்ஜின் என்று ஒன்றுகூட என்னிடம் இல்லை. எந்த மென்பொருளை வாங்கி என்ன செய்ய? அந்தப் பெண் ஸ்டிக்கர்களை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கவிழ்ந்த படகின் கார்புரேட்டர் எங்கே என்று மரியதாஸைக் கேட்டேன்.

“கழுவி உன் தம்பி படகு இன்ஜின்ல மாட்டியிருக்கேன்.”

தம்பி நாளை விடிகாலையில் கடலுக்குப் போகிறான். அதைக் கழட்டிவிடச் சொன்னேன்.

“கழட்டலாம். வேற எதை மாட்டுறது?”