கண்ணையன் மேல் வைத்த மீட்டர்

திருத்தணி,
கார்த்திகை 27, சனிக்கிழமை.

அன்பு மகள் சுசித்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தறி நான்கும் சுகம், அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க மலைமேல் இருப்பவனைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், இல்லாவிட்டால் உன் அம்மா பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்லத் திருத்துவாள். இது நானே முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்ல வேண்டிய விஷயம். கவரை ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோடு விலகியிருந்தால் வழியில் யாரோ பிரித்தார்கள் என்று எனக்கு உடனே சொல்.

ஆயுத பூஜை முடிந்து இருபது நாளுக்குள் இரண்டாம் தறியின் மோட்டார் எரிந்தது. வழக்கம்போல உன் கண்ணையன் மாமாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்குச் சித்தப்பா மகன், மச்சான் முறைக்கு என்னைப் பாவா என்று கூப்பிடுகிறவன், கே.ஜி.கண்டிகை ரோட்டில் முப்பது வருஷமாக எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன், அவன் கைபட்ட மோட்டார் நம் வீட்டில் பத்து வருஷம் அசையாமல் ஓடியிருக்கிறது. இந்தத் தரம் சுற்றிக் கொடுத்த பன்னிரண்டாம் நாள் அதே மோட்டார் மறுபடி கருகியது. அடுத்த வாரம் நான்காம் தறி. மூன்றாவது தரம் கொண்டுபோனபோது கண்ணையன் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, சூட்டுல எரிஞ்சிருக்கு பாவா, ஒண்ணு கரண்ட் கொறைச்சலா வருது இல்லன்னா மோட்டாருக்குக் காத்து போவல, ரெண்டையும் பாருங்க என்றான். எனக்குக் கரண்ட் என்ற சொல் மட்டும்தான் காதில் ஏறியது. தன் தப்பை எடுத்துக் கரண்ட்மேல் போடுகிறான் என்று பட்டது. மட்டமான கம்பி சுற்றுகிறானோ, வார்னிஷ் காய்வதற்கு முன்னால் மாட்டிக் கொடுக்கிறானோ என்று மனசு ஓடியது. அதே சமயம் கரண்ட்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. என் பழைய மீட்டரை வைத்தால் நானூற்றுப் பதினைந்து வோல்ட் காட்டுகிறது, ஆனால் நான் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நான் சாப்பிடப் போனபிறகு இறங்குகிறதோ யார் கண்டது. அதனால்தான் தானே பார்த்துத் தானே எழுதி வைத்துக் கம்ப்யூட்டரில் காட்டுகிற மீட்டர் ஒன்று சொல்லம்மா என்று உன்னைக் கேட்டேன்.

நீ மூன்று மீட்டரின் படமும் விவரமும் ஃபோனுக்கு அனுப்பினாய். உன் ஆபீஸில் இதே வேலை என்பதால் நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம், ஆனாலும் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதலாவது கம்பியே இல்லாமல் செல்ஃபோனுக்கு அனுப்புவது. என் வீட்டு வோல்ட் காற்றில் போகிறது என்றால் அதை வேறு எவன் ஃபோன் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது, அதனால் அது வேண்டாம். இரண்டாவதில் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற கேபிள் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்தவுடன் அந்தக் கம்பெனிமேல் மனசு விட்டுப்போயிற்று. வாங்கினவர்கள் எழுதியதையும் படித்தேன், நாற்பது பேர் ஒரே வாக்கியத்தில் புகழ்ந்திருக்கிறார்கள், நாற்பது பேருக்கும் ஒரே வாய் எப்படி இருக்கும். கடைசியில் உன் பழைய லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி மெட்ராஸுக்கே போய்விட்டேன். கடைக்காரரிடம் மூன்றாவது மாதிரியைப் பிரிக்கச் சொல்லி, கேபிளையும் சூடு பார்க்கிற கம்பியையும் கண்ணால் பார்த்து, அவர் கடை பிளக்கிலேயே மாட்டி அரைமணி எழுத விடுங்கள் என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கால்மணியில் மீட்டர் தானாக அணைந்துபோயிற்று. பார்த்தீர்களா என்று நான் எழுந்தேன். அவர் பொறுமையாக, அது பேட்டரி மிச்சம் பண்றதுக்கு சார், இந்தப் பட்டனை அழுத்திக்கினே ஆன் பண்ணா அணையாது என்று செய்து காட்டினார். மறுபடி அரைமணி உட்கார்ந்தேன், அணையவில்லை. இந்த மாதிரியில் மீட்டருக்குள்ளேயே ஞாபகம் இருக்கிறது, லேப்டாப் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பத்து விநாடிக்கு ஒரு தரம் குறித்து வைத்துக்கொள்கிறது, அது எனக்குப் பிடித்தது. வாங்கிக்கொண்டு வந்தேன், நல்ல பொருள்தான்.

ஒரு வாரம் கரண்டைக் குறித்தேன். காலையில் தறி ஓட்டும்போது மாட்டிவிட்டுச் சாயங்காலம் நிறுத்தும்போது எடுத்து லேப்டாப்பில் ஏற்றுவேன். நடுவில் ஒரு கிருத்திகை வந்தது, ஊர் முழுக்கக் காவடியும் கூட்டமும் லைட்டும், அன்றைக்காவது கரண்ட் விழும் என்று காத்திருந்தேன், நானூறுக்குக் கீழே போகவில்லை. ஏழு நாளும் கோடு பாய் விரித்தமாதிரி நேராக இருந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே கண்ணையன் கடைக்குப் போனேன். ஜம்புலிங்கம், சுப்பன், பொதட்டூர்பேட்டை தணிகைமணி மூன்று பேரும் தங்கள் தறி மோட்டாருக்காக அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டி, கரண்ட்ல ஒரு கொறையும் இல்ல, அப்போ கொறை உன் கம்பிலதான், சொந்தக்காரன்னு நம்பிக் குடுத்தா இப்படியா செய்வே என்று கேட்டுவிட்டேன். கண்ணையன் கையில் இருந்த மரச் சுத்தியலைக் கீழே வைத்தான், அவ்வளவுதான். அன்றைக்கே அந்த மூன்று பேரும் மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு நகரியில் இருக்கிற வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் நீ ஃபோனில், அப்பா மோட்டாரோட சூட்டையும் ஒரு வாரம் குறிச்சுப் பாருங்க என்றாய் அல்லவா, அதை உனக்காகச் செய்யவில்லை. சூடு ஏறினால் கண்ணையன் சுற்றியது மோசம் என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும் என்று செய்தேன். சூடு பார்க்கிற கம்பியை இரண்டாம் தறி மோட்டாரின் உடம்பில் ஒட்டினேன். தினமும் நூறு டிகிரியைத் தாண்டியது. அதற்குள் முதல் தறி மோட்டாரும் கருகிப்போக, இனி கண்ணையனிடம் எதற்கு, நகரிக்கே அனுப்புவோம் என்று அதைக் கழற்றி மூலையில் வைத்தேன். ஆனால் லேப்டாப்பில் ஒரு நாள் மட்டும் இடறியது. வியாழக்கிழமை காலையிலிருந்து பகல் பன்னிரண்டு பத்து வரைக்கும் சூடு அறுபதைத் தாண்டவில்லை, அதற்கப்புறம் மளமளவென்று ஏறியிருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன், லேப்டாப் கடிகாரத்தைச் செல்ஃபோனோடு ஒத்துப் பார்த்தேன், கண்ணையன் ஆள் வைத்துக் கம்பியைப் பிடுங்கினானோ என்றுகூட நினைத்தேன். வியாழக்கிழமை பகல் வரைக்கும் யார் தறிப் பக்கம் வந்தது என்று உன் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள், ஆங், வியாழக்கெழமயா, ஒருத்தரும் வரல, நான்தான் மோட்டார் மேல கட்டியிருந்த துணியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா இருக்குதேன்னு அவுத்துத் தொவைச்சி காயப் போட்டேன், பன்னெண்டு மணிக்கு நீங்க திட்டுவீங்களேன்னு திரும்பக் கட்டிட்டேன் என்றாள்.

சுசித்ரா, அந்தத் துணி எது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு தறியிலும் அறுத்த முதல் லுங்கித் துண்டை அந்தந்த மோட்டாருக்கே வஸ்திரமாகக் கட்டிச் சந்தனம் குங்குமம் வைப்போம், மூன்றாம் நாள் அவிழ்த்து யாருக்காவது கொடுத்துவிடுவோம், நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். இந்த வருஷம் புது நூல் ஒன்று வாங்கினேன், அது பஞ்சுப் பிசிறாகக் கொட்டியது. சாமிக்குக் கட்டியது தூசியும் தடுக்கும் என்று நான்தான் மூன்றாம் நாள் அவிழ்க்காமல், சணல் கயிறு வைத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன். பின்னால் ஃபேன் காற்று இழுக்கிற இடத்தையும் சேர்த்து மூடியிருக்கிறேன். மோட்டாரைக் கண்ணையனிடம் அனுப்பும்போதெல்லாம் சாமி துணி கடையில் கீழே விழக்கூடாது என்று நானே அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு அனுப்பினேன், திரும்பி வந்ததும் நானே கட்டினேன். அவன் கண்ணில் அந்தத் துணி படவே இல்லை. அவன் காற்று போகவில்லை என்று சொன்னது பொய்யில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை, நான் அதனிடம் கரண்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அது சொன்ன பதிலைக் கண்ணையன்மேல் வைத்தேன். ஓடுகிற மூன்று தறியின் துணியையும் அவிழ்த்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், அறுபதுக்குமேல் போகவில்லை. இரண்டாவது நாளும் ஓட்டிப் பார்த்தேன், என் புத்தி அப்படி.

முந்தாநாள் அம்மாவோடு ஆட்டோவில் கருகிய மோட்டாரை ஏற்றிக்கொண்டு கண்ணையன் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கும் எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது பார், லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் மேஜைமேல் வைத்துத் திறக்கப் போனேன். அவன் என்னைப் பார்க்காமலே, அன்னிக்கும் இதத்தான் தொறந்து காட்டினீங்க, மூடி வைங்க என்றான். மூடி வைத்துவிட்டு வாயால் சொன்னேன், துணி கட்டியதும் நான், உன்னைச் சொன்னதும் நான் என்று. அவன் மோட்டாரின் ஃபேன் மூடியைக் கழற்றி உள்ளே அடைந்திருந்த பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தான். அம்மாவைப் பார்த்து, அக்கா டீ சொல்லட்டா என்று கேட்டான். என்னிடம் ஒரு சீட்டை எழுதி நீட்டி, செவ்வாக்கெழம வந்து வாங்கிக்குங்க சார் என்றான். முப்பது வருஷத்தில் எனக்கு அவன் சீட்டு எழுதினதே இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேற்று லேப்டாப் இல்லாமல் ஜம்புலிங்கம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கண்ணையன்மேல் தப்பே இல்லை, எல்லாம் என் முட்டாள்தனம் என்றேன். அவர் சிரித்து, பொண்டாட்டிக்குத் தம்பியாச்சே, வீட்ல சோறு கெடைக்கலையா, மூடி மறைக்கச் சொல்லி அனுப்பிச்சாங்களா என்று கேட்டார். சாமி சத்தியம் என்றேன், அப்பவும் தலையாட்டிக்கொண்டே டீ குடித்தார். நான் சந்தேகத்தில் சொன்னதை அன்றைக்கு ஒரே பேச்சில் நம்பினார்கள் சுசித்ரா, நிஜத்தைச் சொன்னால் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். நாளைக்குச் சுப்பனிடமும், திங்களன்று பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குத் தணிகைமணியிடமும் போகிறேன். நம்பாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி போவேன். அவர்கள் மோட்டார் திரும்பக் கண்ணையன் கடைக்கு வரும் வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.

நீ ஒன்று செய். கண்ணையன் மாமாவுக்கு ஃபோன் பண்ணு. எனக்காகப் பேசாதே, மீட்டர் பற்றியும் எடுக்காதே, எப்படி இருக்கீங்க மாமா என்று மட்டும் கேள். நம் வீட்டிலிருந்து ஒருத்தராவது அவனை முறை வைத்துக் கூப்பிட வேண்டும், என்னை அவன் கூப்பிடும் நாள் எப்போது வருமோ தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். குளிர் அதிகம் என்றாய், கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும், எர்த் இருக்கிறது என்று வீட்டுக்காரர் வாயால் சொன்னதை நம்பாமல் ஆள் வைத்துப் பார்த்துவிடு. கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இளங்கோவன்.